ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கட்டம் வேண்டும்

தொடக்க வகுப்புகளுக்குத் தமிழ்ப் பயிற்சி ஏடு தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். நான் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். உங்களை யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் ஏடுகள் ஜூன் முதல் ஏப்ரல் வரை என் கையில்தான் இருக்கின்றன. எழுத்துப் பயிற்சிப் பக்கங்களை நன்றாகச் செய்கிறீர்கள். லகர, ளகர, ழகரப் பயிற்சிக்குப் போடும் படங்களைக் காட்டித்தான் பல பிள்ளைகளின் நாக்கைத் திருத்தியிருக்கிறேன். அந்த நன்றியோடுதான் ஒரே ஒரு பக்கத்தைப் பற்றி எழுத வந்தேன். எந்த ஏட்டைத் திறந்தாலும் இருக்கும் பக்கம் அது: "பெயர்ச்சொற்களை வகைப்படுத்துக". கீழே மூன்று கட்டம். நபர், இடம், பொருள்.

இந்த வருடம் நாங்கள் வாங்கிய ஏட்டில் அதற்குக் கீழே இருபது சொற்கள் இருந்தன. ஆசிரியர், பள்ளி, நாற்காலி, மருத்துவர், சந்தை என்று போயிற்று. பிள்ளைகள் மளமளவென்று எழுதினார்கள். மூன்றாவது வரிசையில் உட்காரும் ஒரு பெண் மட்டும் எழுதாமல் பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தேன். எல்லாம் முடித்துவிட்டாள், இரண்டு சொற்கள்தான் பாக்கி. ஒன்று நாய், இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை.

"மிஸ், ஞாயிற்றுக்கிழமை எங்க போகும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பின்பக்கத்து விடைப் பட்டியலைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பொருள் என்று போட்டிருந்தது. நாயும் பொருள்தான். அவளிடம் சொன்னேன். அவள் எழுதவில்லை. "நாய்க்கு உயிர் இருக்கே மிஸ்" என்றாள். சுற்றி இருந்த நாலைந்து பிள்ளைகளும் ஆமாம், ஆமாம் என்றார்கள். அன்றைக்கு மீதி நேரம் முழுக்க இதிலேயே போயிற்று. போனதற்கு நான் வருந்தவில்லை. என் பிள்ளைகள் நியாயமாகத்தான் கேட்டார்கள். தவறு அந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதைச் சரிசெய்வது உங்கள் கையில் இருக்கிறது.

இந்த மூன்று கட்டமும் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கும் தெரியும். ஆங்கில இலக்கணப் பாடத்தில், ஆளுக்கோ இடத்துக்கோ பொருளுக்கோ பெயராக வருவது பெயர்ச்சொல் என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். சிலர் நடுவில் விலங்கையும் சேர்த்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகள் மழை நாளில் நோட்டுக் கிழித்து விளையாடும் 'நேம், பிளேஸ், அனிமல், திங்' விளையாட்டும் இதே பிரிவுதான். விளையாட்டாக இருக்கும்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆங்கில வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரிடமும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தை அப்படியே பெயர்த்துத் தமிழ் ஏட்டில் வைக்கும்போது இரண்டு கெடுதல் நடக்கிறது.

முதல் கெடுதல் 'பொருள்' என்ற சொல்லில். தமிழ் இலக்கணம் பெயர்ச்சொல்லை ஆறாகப் பிரிக்கிறது: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். இதில் பொருட்பெயர் என்றால் நாற்காலியும் புத்தகமும் மட்டுமல்ல. மனிதனும் பொருட்பெயர், மயிலும் பொருட்பெயர், மரமும் பொருட்பெயர். உங்கள் ஏடு மூன்றாம் வகுப்பில் 'நபர் வேறு, பொருள் வேறு' என்று கோடு போட்டுக் கொடுத்துவிடுகிறது. அதே பிள்ளை மேல் வகுப்புக்குப் போய் ஆறு வகையைப் படிக்கும்போது, 'பொருட்பெயர்: கண்ணன், பசு, மரம்' என்று எழுத வேண்டி வருகிறது. சின்ன வயதில் மனதில் பதிந்தது அவ்வளவு சுலபமாக அழியாது. மேல் வகுப்பு எடுக்கிற ஆசிரியர்கள் என்னிடம் வந்து, "பொருட்பெயருக்கு எடுத்துக்காட்டு கேட்டால் மனிதர் பெயரை எழுதவே மாட்டேங்கிறாங்க" என்கிறார்கள். அது நாம் போட்ட முடிச்சு.

ஆறு வகையில் காலத்துக்குத் தனி இடம் இருப்பதைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை, சித்திரை, மாலை, நேற்று, நிமிடம் எல்லாம் அங்கே போய்ச் சேரும். கிளை, கை, வால் எல்லாம் சினை. இனிப்பு, உயரம் குணம். ஓட்டம், படிப்பு தொழில். அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் தமிழில் எப்போதோ தயாராக இருந்தது, நம் ஏட்டில்தான் இல்லை.

இரண்டாவது கெடுதல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆங்கிலத்தில் இந்தப் பிரிவு பெரும்பாலும் அர்த்தத்தோடு நின்றுவிடும். தமிழில் பெயரின் வகை வாக்கியம் முழுக்க ஓடும். வினையை மாற்றும், 'இல்', 'இடம்', 'ஐ' போன்ற வேற்றுமை உருபை மாற்றும், எண்ணிக்கையை மாற்றும், கேள்வியைக்கூட மாற்றும். கதவைத் தட்டினால் "யாரு?" என்கிறோம். அடுக்களையில் ஏதோ உருண்டால் "என்னது?" என்கிறோம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. பெயரை வகைப்படுத்தும் வேலையைப் பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே செய்து முடித்துவிட்டது. அந்த அறிவை வெளியே எடுத்துக் காட்டுவதுதான் நம் வேலை. மூன்று கட்டம் அதைத் தொடுவதே இல்லை.

நாங்கள் வகுப்பில் ஒரு பந்து விளையாட்டு விளையாடுவோம். ஒரு பிள்ளை வெளியே போய் நிற்கும். மற்றவர்கள் பந்தை எங்காவது வைப்பார்கள் அல்லது யாரிடமாவது கொடுப்பார்கள். உள்ளே வந்ததும் எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். "பெட்டியில இருக்கு", "மேசையில இருக்கு", "பையில இருக்கு". சரி. அப்புறம் பந்து ஒரு பையனின் கைக்குப் போகும். உடனே "ரவிகிட்ட இருக்கு" என்பார்கள். 'ரவியில இருக்கு' என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லிக் கேட்டதில்லை. ஏன் அப்படிச் சொல்லவில்லை என்று கேட்டால், "அப்படிச் சொன்னா ரவி வயித்துக்குள்ள இருக்கிற மாதிரி ஆயிடும் மிஸ்" என்றான் ஒருவன். இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. எழுத்தில் அதையே 'பெட்டியில்', 'ரவியிடம்' என்று எழுதிக்காட்டுவேன். 'இல்' எங்கே வரும், 'இடம்' எங்கே வரும் என்பது அவர்களுக்கு அன்றோடு பிடிபட்டுவிடும்.

ஒரு நாள் எங்கள் பள்ளி வளாகத்தில் திரியும் நாய் வாசலில் வந்து நின்றது. பந்து அதன் பக்கம் உருண்டு போக, வாயில் கவ்விக்கொண்டது. வகுப்பு முழுக்க ஒரே குரலில், "நாய்கிட்ட இருக்கு!"

நான் அங்கேயே நிறுத்தினேன். நாய் வந்தானா, வந்தாளா, வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார்கள். அப்போ மேசை மாதிரி 'நாயில்' என்று சொல்லாமல் ஏன் ரவி மாதிரி 'நாய்கிட்ட' என்றீர்கள்? யோசித்தார்கள். மரத்தை வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு பெண் சொன்னாள். "பந்து மரத்துகிட்ட இருக்கு" என்று சொல்லிப் பார்த்தோம். பக்கத்தில் கிடக்கிறது என்று அர்த்தம் வந்துவிட்டது, மரம் வைத்திருக்கிறது என்று வரவில்லை. ஒரே 'கிட்ட', பெயர் மாறினால் பொருள் மாறுகிறது. வைத்துக்கொள்ள உயிர் வேண்டும் என்பதை எட்டு வயதுப் பிள்ளைகள் அவர்களே கண்டுபிடித்தார்கள். வினைமுற்றில் நாய் மேசையோடு சேர்கிறது, உருபில் ரவியோடு சேர்கிறது. "நாய்க்கு உயிர் இருக்கே மிஸ்" என்று அந்தப் பெண் சொன்னாளே, அவள் தமிழ் இலக்கணத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். உங்கள் விடைப் பட்டியல் அதற்குத் தவறு போட்டது.

இன்னும் இப்படி நிறைய இருக்கிறது. "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால், "அஞ்சு பேரு, ரெண்டு ஆடு" என்பாள் எங்கள் வகுப்பில் ஒருத்தி. ஆட்டின் மேல் அவளுக்கு உயிர், ஆனாலும் ஏழு பேர் என்று கூட்ட மாட்டாள். எழுத்துத் தமிழில் இது இன்னும் தெளிவு: இரண்டு ஆடு, இருவர், மூன்று மரம், மூவர். அதேபோல "பால் குடித்தான்" என்று உருபு இல்லாமல் சொல்லலாம். "அண்ணன் அடித்தான்" என்றால் அடித்தவனே அண்ணன் ஆகிவிடுவான், அடி வாங்கியவன் அண்ணன் என்றால் 'அண்ணனை' என்று 'ஐ' போட்டே ஆகவேண்டும். 'சந்தைக்குப் போனேன்' சரி, 'அத்தைக்குப் போனேன்' என்று யாரும் சொல்வதில்லை. அத்தையிடம் போகிறோம், இல்லையென்றால் அத்தை வீட்டுக்குப் போகிறோம். செய்தித்தாளில் 'முதல்வர் மதுரை சென்றார்' என்று போடுகிறார்கள். மதுரைக்கு உருபே இல்லை, இருந்தும் சென்றது யார், சென்ற இடம் எது என்று ஒருவருக்கும் குழம்புவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு பயிற்சிப் பக்கம் ஆகும்.

இப்போது குழந்தைக்கு வருகிறேன். இது மார்க் போன விஷயம், அதனால் கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

அதே ஏட்டில் அடுத்த பக்கம், 'பொருத்தமான வினையால் நிரப்புக'. 'குழந்தை ______'. மூன்று கட்டத்தில் குழந்தையை நபர் பக்கம் போட்டாயிற்று, ஆகவே விடையும் 'அழுதாள்' அல்லது 'அழுதான்' என்றே இருக்கிறது. பாதி வகுப்பு 'அழுதது' என்று எழுதியிருந்தது. அந்த வாரம் எனக்கு உடம்பு சரியில்லாததால் வேறு ஒருவர் நோட்டுத் திருத்தினார், விடைப் பட்டியலைப் பார்த்து எல்லோருக்கும் சிவப்புச் சுழி போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஏட்டில் அப்படித்தானே இருந்தது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பா, மக்களைச் சுட்டுவது உயர்திணை, மற்றவை அஃறிணை என்று தொடங்குகிறது. நேரான கோடு. ஆனால் அந்த அதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தின் முடிவுக்கு வரும்போது ஒரு பட்டியல் வருகிறது: இளமை, மூப்பு, விருந்து, குழு, அரசு, மகவு, குழவி. இவை மக்களைக் குறித்தாலும் அஃறிணை வாய்பாட்டில் நடக்கும் என்கிறது அந்த நூற்பா. குழவி என்றால் குழந்தைதான், விருந்து என்றால் இங்கே விருந்தாளி. குழந்தை அழுதது, அரசு அறிவித்தது, விருந்து வந்தது. இன்றைக்கும் நாம் அப்படித்தான் சொல்கிறோம், எழுதுகிறோம். அடுத்த நூற்பாவில், இதே போல நடப்பவையாகக் காலம், உலகம், தெய்வம், ஞாயிறு, திங்கள் எல்லாம் வருகின்றன. "சாமி கண்ணைக் குத்தும்" என்று பாட்டி மிரட்டும்போது குத்துவார் என்று சொல்வதில்லையே. அவ்வளவு பழைய இலக்கணம் கவனித்து எழுதிவைத்த ஒன்றை, இன்றைய பிள்ளை தன் வாயில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறது. அதைச் சுழித்து அனுப்பினோம். வீட்டில் தம்பிப் பாப்பா அழுதால் பிள்ளை அதை எப்படிச் சொல்லும் என்று ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.

கோடு எதிர்ப்பக்கமும் தாண்டும். என் அம்மா வீட்டில் ஒரு செவலைப் பசு இருந்தது. மேய்ச்சலுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் தெருமுனையில் அதன் மணி கேட்டால், "லட்சுமி வந்துட்டா, தவிட்டுத் தண்ணியைக் கலக்குடி" என்பாள் அம்மா. வந்துட்டா. இதற்கும் இலக்கணத்தில் இடம் உண்டு. மகிழ்ச்சியில் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று சொல்வதைத் திணை வழுவமைதி என்று பெரிய வகுப்பில் படிக்கிறோம். அன்பு வந்தால் திணை மாறலாம் என்று இலக்கணமே ஒப்புக்கொண்ட மொழியில் இருந்துகொண்டு, மாட்டைப் பொருள் கட்டத்தில் அடைக்கிறோமே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

இடத்துக்கு ஒரு வார்த்தை. 'ஊர்' என்பதை இடம் என்று எழுதச் சொல்கிறோம், சரிதான். "ஊரே சிரிக்குது" என்றால்? சிரிப்பது தெருவும் குளமும் அல்ல, மனிதர்கள். பெரிய வகுப்பில் இதை இடவாகுபெயர் என்பார்கள். மூன்றாம் வகுப்பில் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் "ஊர்" என்று ஒற்றைச் சொல்லாகக் கொடுக்காமல் "ஊர் தூரத்தில் இருக்கிறது", "ஊர் சிரித்தது" என்று இரண்டு வாக்கியமாகக் கொடுத்தால் பிள்ளைகள் பேசுவார்கள். தனியாக நிற்கும் சொல்லைப் பார்த்து வகை சொல்வது, ஆளைப் பார்க்காமல் பெயரை மட்டும் கேட்டுக் குணம் சொல்வது போல. வாக்கியத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

சரி, என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் ஆறு வகையையும் ஒரே நாளில் கொட்டச் சொல்லவில்லை. முதலில் யார், எது என்று இரண்டாகப் பிரிக்கும் ஒரு பக்கம் கொடுங்கள். 'உயர்திணை, அஃறிணை' என்ற பெயர்கள் பிறகு வரட்டும், கேள்விகள் போதும். நபர், பொருள் என்று தலைப்பு வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அப்புறம் எங்கே, எப்போது என்று இரண்டு கேள்வி சேர்த்தால் இடமும் காலமும் வந்துவிடும். சினை, குணம், தொழில் அடுத்த வருடம் வரட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் சொல்லை மட்டும் கொடுக்காமல் குட்டி வாக்கியமாகக் கொடுங்கள்: '______ வந்தது', '______ வந்தார்', 'பந்து ______இல் இருக்கிறது', 'பந்து ______இடம் இருக்கிறது'. பிள்ளை தானே சொல்லைப் போட்டுப் பார்க்கட்டும். பொருந்தாதது காதுக்கே தெரிந்துவிடும், உங்கள் விடைப் பட்டியலைத் திருப்ப வேண்டிய தேவையே பாதி குறையும்.

குழந்தை, பாப்பா, சாமி, நாய், அரசு போன்ற சொற்கள் வரும் இடத்தில் விடைப் பட்டியலில் ஒரே விடை போடாதீர்கள். 'குழந்தை அழுதது' என்பதை முதல் விடையாகப் போடுங்கள், ஆசிரியருக்கு இரண்டு வரிக் குறிப்பு கொடுங்கள். எங்களில் பலர் இருபது முப்பது பிள்ளைகளின் நோட்டை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து திருத்துகிறோம். விடைப் பட்டியலை நம்பித்தான் பேனா ஓடுகிறது. அந்த இரண்டு வரி பல பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையைக் குறைக்கும்.

இவையெல்லாம் அச்சுச் செலவைக் கூட்டாது. மூன்று கட்டம் இருந்த இடத்தில் நான்கு கட்டம், அவ்வளவுதான். படம்கூட அதே படங்கள் போதும். வரைபவரிடம் நாயை மட்டும் வாலோடு நன்றாக வரையச் சொல்லுங்கள், 'வால் எந்த வகை?' என்று அடுத்த வருட ஆசிரியர் கேட்டுக்கொள்வார்.

பந்து விளையாட்டு, எத்தனை பேர் கேள்வி, கதவு தட்டும் விளையாட்டு எல்லாவற்றையும் எந்த வரிசையில் எடுக்கிறேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன். பணம் எதுவும் வேண்டாம், பெயரும் போட வேண்டாம்.

அந்தப் பெண் தன் ஏட்டில் என்ன செய்தாள் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று கட்டத்துக்கும் வலப்பக்கம், ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒரு கட்டம் போட்டாள். தலைப்பு எழுதவில்லை, எனக்காக விட்டிருந்தாள். உள்ளே ஞாயிற்றுக்கிழமை என்று எழுதி, அதன் கீழே அவளாகவே ராத்திரி, தீபாவளி, நாளைக்கு என்று மூன்று சொல் சேர்த்திருந்தாள். நான் தலைப்பில் 'காலம்' என்று எழுதி, நான்குக்கும் சரி போட்டேன். ஜூனில் வரும் புது ஏட்டில் அந்தக் கட்டம் அச்சிலேயே வரட்டும்.

அன்புடன்,
ஒரு மூன்றாம் வகுப்புத் தமிழாசிரியை